அப்பா பெயரில் முதல் ஆல்பம், அம்மா பெயரில் இரண்டாவது

2006 பிப்ரவரி. ஜப்பானில் கச்சேரிப் பயணத்தை முடித்த கையோடு ஒரு பாடகி இந்தியாவுக்கு வந்து இறங்கினார். வயது முப்பது. அதுவரை வெளியிட்டிருந்தது ஒரே ஓர் ஆல்பம்தான். ஆனால் அந்த ஒன்றே பிரிட்டனின் மெர்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியல் வரை போயிருந்தது. இரண்டாவது ஆல்பத்தை ஏ.ஆர். ரஹ்மானோடு சேர்ந்து செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை. இருவரும் உட்கார்ந்து பார்த்தார்கள், இசையில் ஒத்துவரவில்லை. அந்தத் திட்டம் அத்தோடு நின்றது. ஆனால் ரஹ்மான் அவரை வெறுங்கையோடு அனுப்பிவிடவில்லை. வாத்தியக்காரர்களை அறிமுகப்படுத்தினார், தன் ஸ்டுடியோவையும் திறந்துவிட்டார். அங்கே இருபதுக்கும் மேற்பட்ட மேளக்காரர்கள் வந்து நின்று வெளுத்து வாங்கினார்கள்.

அந்த அடி ஒன்றரை வருஷம் கழித்து, 2007 ஆகஸ்டில், உலகம் முழுக்கக் கேட்டது. ஆல்பத்தின் பெயர் 'கலா'. பாடகியின் முழுப்பெயர் மாதங்கி அருள்பிரகாசம், வீட்டில் மாயா, மேடையில் எம்.ஐ.ஏ.

மாற்றுப் பாப் இசையில் ஒரு தமிழ்ப் பெண் செய்த மிகப் பெரிய காரியம் எது என்று கேட்டால், தயங்காமல் இந்த ஆல்பத்தைச் சொல்லலாம். அதை நீலகிரியில், குன்னூரிலோ கூடலூரிலோ உட்கார்ந்து கேட்பவர்களுக்கு வேறொரு கணக்கும் இருக்கிறது. அந்தக் கணக்கு தேயிலைக் காட்டுக்குள் போகிறது, 2024-ல் வெளிவந்த இன்னொரு இரண்டாவது ஆல்பம் வரை வருகிறது.

அப்பாவின் பெயர்

மாயா பிறந்தது 1975-ல், லண்டன் ஹவுன்ஸ்லோவில். ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டது. அங்கே போர் சூழ்ந்தது. நடுவில் கொஞ்ச காலம் சென்னை வாசம். 1986-ல் அம்மா கலா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அகதியாக லண்டன் போய்ச் சேர்ந்தார். தையல் வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தார். அப்பா அருள்பிரகாசம் அநேகமாக வீட்டிலேயே இல்லை. அவர் இயக்கத்தில் இருந்தார்.

1975-ல் லண்டனில் தொடங்கிய ஈழத்தமிழர் விடுதலை அமைப்பான ஈரோஸின் முன்னோடிகளில் ஒருவர் அவர். இயக்கத்தில் அவருக்கு அருளர் என்று பெயர். 'லங்கா ராணி' என்ற நாவலை எழுதியவரும் அவர்தான். 1977 கலவரத்தில் அடிபட்ட தமிழர்களைக் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏற்றிச்சென்ற கப்பலின் கதை அது. மலைப்பக்கத்து வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தியும் இங்கே உண்டு. இலங்கையின் வடகிழக்கைச் சேர்ந்த இயக்கங்கள் பலவும் அங்குள்ள மலையகத் தோட்டத் தொழிலாளர்களைப் பெரிதாகக் கண்டுகொள்ளாத காலத்தில், அவர்களை விட்டுவிட்டு விடுதலை பேச முடியாது என்று அழுத்திச் சொன்ன அமைப்பு ஈரோஸ்.

2005-ல் மகள் தன் முதல் ஆல்பத்துக்கு 'அருளர்' என்றே பெயர் வைத்தார். சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் கலையும் திரைப்படமும் படித்துவிட்டு வந்தவர் அவர். வாத்தியம் எதையும் முறையாகக் கற்றவர் இல்லை. ரோலண்ட் எம்சி-505 என்ற பெட்டி ஒன்று கிடைத்தது. தாளமும் ஒலியும் அதற்குள்ளேயே இருக்கும், பொத்தானை அழுத்தினால் போதும். அதை வைத்துக்கொண்டே பாட்டுகளைக் கட்டினார். அந்த ஆல்பம் முழுக்கச் சுவரெழுத்தின் குரல். தாளம் கறார், வரி சுருக்கம், கோபம் பச்சை.

அடைத்த கதவு

முதல் ஆல்பம் ஓடிவிட்டால் அடுத்தது என்ன நடக்கும் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். பெரிய கம்பெனி வரும், பெரிய தயாரிப்பாளர் வருவார், முனைகளைத் தேய்த்து மழமழப்பாக்கிக் கடைக்கு அனுப்புவார்கள். மாயாவுக்கும் அப்படியொரு வழி தயாராகவே இருந்தது. அன்றைய அமெரிக்கப் பாப் உலகின் முன்னணித் தயாரிப்பாளர் டிம்பலண்ட், ஆல்பத்தின் பெரும்பகுதியைச் செய்வதாகப் பேச்சு. ஆனால் அமெரிக்காவில் நீண்ட நாள் தங்கி வேலை செய்ய அவருக்கு விசா கிடைக்கவில்லை.

வேறொருவர் என்றால் லண்டனிலேயே உட்கார்ந்து காத்திருந்திருப்பார். மாயா ஊர் ஊராகக் கிளம்பினார். இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று போகிற இடத்திலெல்லாம் ஒலியைப் பிடித்தார். கூடவே இருந்தவர் ஸ்விட்ச் என்ற பெயரில் இயங்கிய ஆங்கிலேயத் தயாரிப்பாளர் டேவ் டெய்லர். இந்தியாவுக்கு வரும்போது ஒலிப்பதிவைக் கவனிக்க மட்டுமே வந்தவர், போகப்போக ஆல்பத்தின் பாதிப் பாரத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டார். டிம்பலண்ட் கடைசியில் ஒரே ஒரு பாட்டில்தான் இருக்கிறார். அது பன்னிரண்டு பாட்டுகளில் கடைசிப் பாட்டு.

'அருளர்' பெட்டிக்குள் செய்த ஆல்பம் என்றால், 'கலா' வெளிக்காற்றில் செய்த ஆல்பம். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் முதல் ஐந்து நிமிஷத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

உறுமியின் இழுப்பு

வித்தியாசத்துக்கு முதல் காரணம் உறுமி. திருவிழாவிலும் சாமியாட்டத்திலும் பார்த்திருப்பீர்கள். இடுப்பு ஒடுங்கிய மரக்கூடு, இரண்டு முகத்திலும் தோல். ஒரு முகத்தை நேரான குச்சியால் அடிப்பார்கள். மறுமுகத்தில்தான் வித்தை இருக்கிறது. வளைந்த குச்சியின் நுனியைத் தோலில் அழுத்தித் தேய்த்து இழுப்பார்கள். அடிவயிற்றிலிருந்து எழும் முனகல் மாதிரி ஒன்று கிளம்பும். அழுத்தம் கூடக்கூட அந்த முனகல் மேலே ஏறும், கையைத் தளர்த்தினால் இறங்கும். ஒவ்வொரு இழுப்பும் ஒவ்வொரு தினுசு. அடிக்கிற கையும் தேய்க்கிற கையும் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டே இருக்கும். இருபது பேர் சேர்ந்து அடிக்கும்போது, எல்லாரும் ஒரே தாளத்தில் இருந்தாலும் அத்தனை உறுமலும் ஒரே புள்ளியில் விழாது. அந்தச் சின்னப் பிசகில்தான் உயிர் இருக்கிறது.

'போய்ஸ்' பாட்டையும் 'பேர்ட் ஃப்ளூ' பாட்டையும் நல்ல ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். மேளம் இந்தப் பாட்டுகளில் பக்கவாத்தியமாக ஓரத்தில் நிற்கவில்லை. அதுதான் முன்னே நிற்கிறது, குரல் அதற்குள் புகுந்து வழி கண்டுபிடிக்கிறது. 'பேர்ட் ஃப்ளூ'வில் கோழிகள் கொக்கரிக்கின்றன, பிள்ளைகள் கூட்டமாகக் கத்துகிறார்கள், நடுவில் உறுமி பொரிந்து தள்ளுகிறது. 'ஜெயம்' படத்துக்கு ஆர்.பி. பட்நாயக் போட்ட திருவிழாப் பாட்டின் ஒரு துண்டும் அதில் கலந்திருக்கிறது. 'போய்ஸ்' பாட்டில் தமிழ் மேளத்தோடு டிரினிடாடின் சோக்கா இசைத் துள்ளல் சேர்கிறது. இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போனவர்களின் வாரிசுகள் வாழும் தீவு அது. இங்கிருந்து போன ஒலி அங்கே போய் உறவைத் தேடிப் பிடித்தது போல இருக்கிறது.

இந்த மேளத்தை நம் ஊரில் எந்த இடத்தில் வைத்திருந்தார்கள் என்பதும் தெரிந்த கதைதான். சாவுக்கும் சாமிக்கும் கூப்பிடுவார்கள், அடித்து முடித்ததும் வாசலுக்கு வெளியே நிற்கவைத்துக் காசு கொடுப்பார்கள். நீலகிரியிலும் இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. படுகர் வீட்டுச் சாவுக்கு ஒரு காலத்தில் கோத்தர்கள்தான் குழலும் பறையும் கொண்டுவந்து வாசிக்க வேண்டும் என்ற வழக்கம் இருந்தது. கடந்த நூற்றாண்டில் கோத்தர்களே அதை விட்டு விலகிக்கொண்டார்கள். ஆக, யார் எதை அடிப்பது, எங்கே நின்று அடிப்பது என்பதெல்லாம் இசையைத் தாண்டிய விஷயம். உறுமியைப் பாட்டின் நடுமுற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தியதற்காகவே 'கலா'வைக் கொண்டாட வேண்டும்.

வீட்டில் கேட்ட பாட்டுகள்

ஆல்பத்தின் முதல் பாட்டு 'பாம்பூ பாங்கா'. அதில் 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' ஒலிக்கிறது. 1991-ல் இளையராஜா போட்டு, யேசுதாஸும் எஸ்.பி.பி.யும் சேர்ந்து பாடிய அந்தப் பாட்டு, லண்டன் நடனக்கூட ஒலிகளுக்கு நடுவே திடீரென்று தலைகாட்டும்போது தமிழ்க் காது சட்டென்று நிமிர்ந்துவிடும். நான்காவது பாட்டு 'ஜிம்மி'. 1982-ல் வந்த 'டிஸ்கோ டான்சர்' இந்திப் படத்துக்காகப் பப்பி லஹிரி இசையமைத்த பாட்டின் மறுவடிவம். சிறு வயதில் விருந்துகளில் மாயா ஆடிய பாட்டு அது.

அம்மா பெயரை வைத்ததற்குப் பொருத்தம் இங்கேதான் தெரிகிறது. அப்பாவின் ஆல்பத்தில் கொள்கை இருந்தது. அம்மாவின் ஆல்பத்தில் வீட்டில் ஓடிய கேசட் இருக்கிறது, கல்யாண வீட்டு ஆட்டம் இருக்கிறது, கடை, காசு, பிழைப்பு, வரிசையில் நிற்பது எல்லாம் இருக்கிறது. கையில் காசில்லாமல், அந்நிய ஊரில், பிள்ளைகளுக்குச் சோறும் போட்டு விஷயமும் தெரியவைத்து ஆளாக்குவது எப்படி? கலா என்ற தையல்காரப் பெண்ணின் முன்னால் இருந்த கேள்வி அதுதான். ஆல்பத்தில் அரசியல் குறையவில்லை, அது பிழைப்பின் வழியாக வருகிறது.

'பேப்பர் பிளேன்ஸ்' இதற்குச் சரியான உதாரணம். விசா மறுக்கப்பட்ட எரிச்சலில் பிறந்த பாட்டு. வந்தேறி என்றாலே ஏமாற்றுக்காரன், துப்பாக்கிக்காரன் என்று பார்க்கும் பார்வையை அப்படியே எடுத்துத் திருப்பி வீசுகிறது. தி கிளாஷ் குழுவின் 1982 பாட்டிலிருந்து எடுத்த கிதார், அதன்மேல் பிள்ளைகளின் கூட்டுக்குரல், துப்பாக்கி வெடிக்கும் சத்தம், கல்லாப்பெட்டி திறக்கும் சத்தம். எம்டிவி அந்தத் துப்பாக்கிச் சத்தத்தை மாற்றித்தான் ஒளிபரப்பியது. ஆனாலும் பாட்டு நிற்கவில்லை. 2008-ல் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் நான்காம் இடத்துக்கு ஏறியது. அதே வருஷம் டேனி பாயிலின் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்திலும் இடம்பிடித்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒத்துவராமல் பிரிந்த ரஹ்மானும் மாயாவும் அந்தப் படத்துக்காக 'ஓ சாயா' பாட்டில் ஒன்று சேர்ந்தார்கள். அது ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. 2009 பிப்ரவரியில் கிராமி விழா மேடையில் மாயா பாடியபோது நிறைமாதக் கர்ப்பிணி.

ஆல்பமாகப் பார்த்தால் 'கலா' அமெரிக்கப் பட்டியலில் 18-ஆம் இடம், பிரிட்டனில் 39. கோடிக்கணக்கில் விற்றுக் குவித்த ஆல்பம் இல்லை. ஆனால் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2012-ல் திருத்தி வெளியிட்ட 'எக்காலத்துக்கும் சிறந்த 500 ஆல்பங்கள்' பட்டியலில் அதற்கு இடம் கிடைத்தது.

மலைக்கு இதில் என்ன உறவு?

மாயாவின் குடும்பம் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தது. அவர்கள் கதையை மலையகக் கதையோடு போட்டுக் குழப்பக் கூடாது. யாழ்ப்பாணத் தமிழர்களுக்கு நிலம் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது. பஞ்சத்தில் தமிழ்நாட்டிலிருந்து கண்டி, நுவரெலியா, பதுளைப் பக்கம் தோட்ட வேலைக்குப் போனவர்களுக்கு லயம் என்ற வரிசை வீட்டின் ஓர் அறையைத் தவிர எதுவும் இருக்கவில்லை. 1948-ல் குடியுரிமையும் பறிபோனது. 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவும் போட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று கணக்குப் போட்டது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரம், மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களில் ஒரு பகுதியினரை நீலகிரிக்கு அனுப்பினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. அதுதான் பின்னால் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட டான்டீ நிறுவனம். கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளி, கோத்தகிரி என்று எங்கே போனாலும் இன்றைக்கும் அவர்களுடைய லைன் வீடுகளைப் பார்க்கலாம்.

அங்கிருந்து வந்தவர்கள் பாட்டையும் தாளத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். இலங்கைத் தோட்டத்தில் விடிகாலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டத்துக்கு, ஆள் சேர்க்கத் தப்பு மேளம் அடிப்பார்கள். கல்யாணத்துக்கும் தப்பு, காமன் கூத்துக்கும் தப்பு, சாவுக்கும் தப்பு. மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை அந்த மக்களின் நாட்டுப் பாடல்களைத் தேடித்தேடித் தொகுத்து வைத்தார். தமிழில் பாப் இசை என்ற ஒன்று முதலில் வேர் பிடித்த இடங்களில் இலங்கையும் ஒன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நித்தி கனகரத்தினம், சிலோன் மனோகர் போன்றவர்களின் பாட்டுகள் இங்கேயும் தெருத் தெருவாக ஒலித்தன.

இத்தனை இருந்தும், தோட்டத்துப் பெண் ஒருத்தியின் பெயரைத் தாங்கிய ஆல்பம் வெகுகாலம் வரவில்லை. அது வந்தது 2024-ல். இங்கேதான் அறிவு வருகிறார்.

வள்ளியம்மா பேராண்டி

அரக்கோணத்துக்காரர் அறிவு. இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சியில், டென்மாவின் இசைப் பொறுப்பில் உருவாகி 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் ராப் பாடியவர். 2019-ல் இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவோடு சேர்ந்து 'தெருக்குரல்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார். பெயரே சொல்கிறது, தெருவில் நின்று பேசுகிற ஆல்பம். 'ஆன்டி இந்தியன்', 'கள்ள மௌனி' என்று அன்றைய அரசியலோடு நேருக்கு நேர் மோதியது. 2021 மார்ச்சில் மாஜா நிறுவனம் வெளியிட்ட, சந்தோஷ் நாராயணன் இசையில் பாடகி தீயும் அறிவும் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' உலகம் சுற்றியது. அந்தக் காணொளியில் அரியணையில் அமர்ந்திருக்கும் மூதாட்டி அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பி வந்தவர்.

அந்தப் பாட்டுக்கான பெயரும் பெருமையும் யாருக்குப் போய்ச் சேர்ந்தன என்று பெரிய வாக்குவாதமே நடந்தது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் அறிவின் படம் இல்லாததும், 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் அந்தப் பாட்டு அவர் இல்லாமல் அரங்கேறியதும் பலரையும் கேள்வி கேட்கவைத்தன. அதற்குப் பிறகு 2024-ல், தன் 'அம்பாசா' குழுவோடு, அறிவு தன் அடுத்த ஆல்பத்தை வெளியிட்டார். பெயர் 'வள்ளியம்மா பேராண்டி', முதல் தொகுதி.

'அருளர்' அப்பாவின் இயக்கப் பெயர், 'கலா' தையல் வேலை பார்த்த அம்மா. 'தெருக்குரல்' பொதுவெளியின் கோபம், 'வள்ளியம்மா பேராண்டி' கொழுந்து பறித்த பாட்டி. இருவரும் முதல் ஆல்பத்தில் உலகத்தைப் பார்த்துப் பேசினார்கள். உலகம் காது கொடுக்க ஆரம்பித்ததும், அந்தக் கவனத்தை வீட்டில் இருந்த ஒரு பெண்ணின் பக்கம் திருப்பினார்கள். பட்டம், பதவி, இயக்கப் பெயர், புத்தகம் எதுவும் இல்லாத பெண்கள் அவர்கள். எந்தச் சரித்திரத்திலும் அவர்கள் பெயர் வராது. பேரப்பிள்ளைகளும் பிள்ளைகளும் அட்டையில் அச்சடித்தால்தான் உண்டு.

நீலகிரியில் காலை எட்டு மணிக்கு எந்தத் தோட்டத்துப் பக்கம் போனாலும் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்களாகத்தான் இருப்பார்கள். அவர்களில் பலருடைய அம்மாக்களும் பாட்டிகளும் கப்பலேறி வந்தவர்கள். இருபது வயதில் 1970 வாக்கில் வந்தவருக்கு இன்றைக்கு எழுபத்தைந்து தாண்டியிருக்கும். அவர்களுடைய தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும் அநேகமாக எங்கேயும் பதிவாகாமலேயே இருக்கின்றன. அறிவு முதல் தொகுதி என்று போட்டிருக்கிறார். அடுத்தடுத்த தொகுதிகள் அவரிடமிருந்து மட்டும்தான் வர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பந்தலூரிலும் கோத்தகிரியிலும் பாட்டுக் கட்டுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், எல்லார் கையிலும் போன் இருக்கிறது.

எனவே ஒரு வேண்டுகோள். 'கலா'வை ஒருமுறை முழுசாகக் கேளுங்கள், அடுத்து 'வள்ளியம்மா பேராண்டி'யைக் கேளுங்கள். அந்த வார ஞாயிற்றுக்கிழமை உங்கள் லைனில் இருக்கிற மூத்த பாட்டியிடம் போய் உட்காருங்கள். போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு, பாட்டியின் பெயர், இலங்கையில் வேலை பார்த்த தோட்டத்தின் பெயர், கப்பலேறிய வருஷம், எந்த வேலைக்கு எந்தப் பாட்டு என்பதையெல்லாம் முதலில் சொல்லச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு பாடச் சொல்லுங்கள்.